என் தலையசைப்புக்குக் காத்திருந்தவர்

ஸிஸாக்கி!

எங்கே போய்விட்டாய் நீ? இசைக்குழுவுக்கு முன்னால் நீ ஏறி நிற்கும் பலகை காலியாகக் கிடக்கிறது. ஊரே வந்து உட்கார்ந்தாகிவிட்டது. நீ மட்டும்தான் இன்னும் வரவில்லை. ஒத்திகைக்குத் தாமதமாக வருகிறவர்களைக் கண்டால் வாசலைப் பார்த்துத் தொண்டையைக் கனைப்பாயே, இன்றைக்கு உன்னைப் பார்த்து யார் கனைப்பது?

மன்னிக்க வேண்டும். முதலில் சபைக்கு வணக்கம் சொல்லிவிட்டுத்தான் பேச்சைத் தொடங்க வேண்டும் என்று என் மகள் லெமோனியா காலையிலேயே சொல்லிக்கொடுத்தாள். வாய்ப் பழக்கம், முந்திக்கொண்டது. வீட்டில் எதைத் தொடங்கினாலும் என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டுத்தான் தொடங்குவேன்.

மேடையில் அமர்ந்திருக்கும் மேயர் அம்மா அவர்களே! நாற்பதாம் நாள் பூசையை முடித்த கையோடு இங்கே வந்திருக்கும் பாதர் அந்திமோஸ் அவர்களே! நகர இசைக்குழுவின் முதல் வயலின் ஆனெக்ரெட் அவர்களே! கிரேக்கச் சங்கத்துப் பெரியவர்களே! பிஸ்கட் தொழிற்சாலையில் என்னோடு தோள் உரச நின்ற பெண்களே! வாத்தியத்தை மடியில் வைத்துக்கொண்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கும் இசைக்குழுப் பிள்ளைகளே! எல்லாருக்கும் என் வணக்கம்.

எனக்கு முன்னால் பேசிய மேயர் அம்மா, "நகர இசைத் தலைமை இயக்குநர், பேராசிரியர் ஸீஸிஸ் மவ்ரிதிஸ் அவர்கள்" என்று பட்டத்தோடு சொன்னார். கேட்கப் பெருமையாக இருந்தது. அந்தப் பட்டத்தை முழுதாகச் சொல்லி அவரைச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தால் எங்கள் வீட்டில் சூப் ஆறிப்போயிருக்கும். எனக்கு அவர் ஸிஸாக்கி. எனக்கு அவ்வளவுதான் படிப்பு. நாலு வகுப்புக்கு மேல் எங்கள் அப்பா அனுப்பவில்லை. அதனால் அவருடைய இசையைப் பற்றி நான் பேசமாட்டேன். அதைப் பற்றிப் பேசத் தெரிந்தவர்கள் பேசிவிட்டார்கள். நான் அவர் தலையைப் பற்றிப் பேசுகிறேன். ஆமாம், சிரிக்காதீர்கள், தலையைப் பற்றித்தான்.

ஏன் என்றால், நான் பேசி முடித்ததும் இந்தப் பிள்ளைகள் வாசிக்க வேண்டும். அவர் கடைசியாக ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்த அந்த மெதுவான பகுதியை வாசிக்க வேண்டும். போன வாரம் ஆனெக்ரெட் கையில் ஆப்பிள் கேக்கோடு வீட்டுக்கு வந்தாள்.

"ஸ்தமத்தியா, நாங்க எல்லாரும் கூடி ஒண்ணு முடிவு பண்ணியிருக்கோம். நாப்பதாம் நாள் அன்னைக்குப் பலகைமேல யாரும் ஏறப்போறதில்ல."

"அப்ப யார் ஆரம்பிச்சு வைப்பா?"

"நீங்க. எப்பவும் உக்கார்ற இடத்துல உக்காந்து, எப்பவும் ஆட்டற மாதிரி தலைய ஆட்டுங்க. நாங்க ஆரம்பிச்சுக்கறோம்."

"எனக்கு என்னம்மா தெரியும் உங்க வாசிப்பப் பத்தி?"

"அவருக்கு ஆட்டினீங்கல்ல? அது போதும் எங்களுக்கு."

நான் சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. எழுந்து போய்க் காபி போட்டேன். அவள் குடித்துவிட்டுப் போனாள். இந்த நிமிடம் வரைக்கும் நான் பதில் சொல்லவில்லை. பேசிப் பார்க்கலாம், பேசப் பேச என் தலை அதுவாக எந்தப் பக்கமாவது அசையுமா என்று பார்க்கலாம் என்றுதான் இங்கே வந்து நிற்கிறேன்.

கிரேக்க நாட்டில் எங்கள் பக்கத்தில், கோஸானி மலைக் கிராமங்களில், பிள்ளைகள் தங்காத வீட்டில் ஒரு பையன் பிறந்தால் ஸீஸிஸ் என்று பெயர் வைப்பார்கள். பிழைத்துக் கிட என்று அர்த்தம். பெண்ணாகவே பிறந்துகொண்டிருக்கும் வீட்டில் இன்னொரு பெண் பிறந்தால், கடவுளே, இதோடு நிறுத்திக்கொள் என்று ஸ்தமத்தியா என்று வைப்பார்கள். அதுதான் நான். பிழைக்கச் சொன்னவனும் நிறுத்தச் சொன்னவளும் ஜெர்மனியில் இந்த நெக்கர் ஆற்றங்கரையில் வந்துதான் சந்தித்தோம். "ஆரம்பிக்கறது என் வேலை, நிறுத்தறது உன் வேலை" என்று அவர் கேலி செய்வார். கடைசியில் பாருங்கள், ஆரம்பித்து வைக்கிற வேலையையும் என் தலையில் கட்டிவிட்டுப் போயிருக்கிறார்!

அப்போது நான் தொழிற்சாலையில் பிஸ்கட் அடுக்குகிறவள். அவர் இசைக்கல்லூரியில் படிக்கிற, எலும்பும் தோலுமான ஒரு பையன். ஞாயிற்றுக்கிழமை கிரேக்கச் சங்கத்தில் சேர்ந்து பாட எங்களுக்குச் சொல்லிக்கொடுப்பார். அதற்குப் பதிலாக அவருக்கு அவரை விதை சூப்பும் ரொட்டியும். நான் கடைசி வரிசை. முதல் நாளே விரலை நீட்டினார்.

"அந்த ஊதாச் சட்டை. ஆமா, நீங்கதான். கொஞ்சம் பாடாம இருங்க."

"பாடாம எதுக்கு நிக்கணும்? வீட்ல துணி ஊறிக் கிடக்கு."

"போயிடாதீங்க. பாட்டு மோசம், ஆனா மூச்சு நல்லாருக்கு. எங்க இழுக்கணுமோ அங்க இழுக்கறீங்க. உங்களப் பாத்துத்தான் பக்கத்துல இருக்கறவங்க இழுக்கறாங்க. மூச்ச இழுங்க, சத்தத்த மட்டும் விட்ருங்க."

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. எனக்கு முகம் எரிந்தது. "சூப் ஊத்தறது நான்தான், ஞாபகம் இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு, அன்றைக்கு ஒரு விதைகூட இல்லாமல் வெறும் தண்ணீராக ஊற்றிக் கொடுத்தேன். மனுஷன் கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தார். "அருமை. உங்கள மாதிரியே இருக்கு. மூச்சு இருக்கு, சத்தம் இல்ல" என்றார். இப்படிப்பட்ட ஆளை என்ன செய்ய முடியும்? கல்யாணம்தான் செய்துகொள்ள முடியும்.

கல்யாணம் ஆனதும் சேர்ந்து வாழ்ந்தோமா? இல்லை. கிரேக்கப் பெயரோடு ஒருவன் வந்து ஜெர்மன் வாத்தியக்காரர்களின் முன்னால் குச்சியைத் தூக்கி நின்றால் யார் சும்மா விடுவார்கள்? வடக்கே ஒரு நாடக அரங்கில் பாடகிகளுக்குப் பியானோ வாசித்தார். இன்னொரு ஊரில் பெரியவர் ஒருவருக்கு உதவியாளாக நின்றார். வேறொரு ஊரில் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தார். சனிக்கிழமை ரயிலில் வருவார், ஞாயிறு சாயங்காலம் போய்விடுவார். லெமோனியா மூன்று வயது வரைக்கும் அவரை 'ரயில் அப்பா' என்றுதான் கூப்பிட்டாள். அவளுக்கு அப்பா என்றால் ஒரு கோட்டும் ஒரு பெட்டியும்.

அப்படி இருக்கும்போதுதான் நம் ஊர் இசைக்குழுவுக்கு ஆள் தேடினார்கள். மூன்று பேர் வர வேண்டும், ஆளுக்கு ஒரு கச்சேரி நடத்திக் காட்ட வேண்டும், வாத்தியக்காரர்கள் ஓட்டுப் போட வேண்டும். இது கிடைத்தால் ஒரே வீடு, ஒரே மேசை. கிடைக்காவிட்டால் மறுபடியும் ரயில்.

அந்தக் கச்சேரியில் நடந்ததைச் சொல்ல, கொம்பு ஊதுகிற எக்கார்டிடம் அனுமதி வாங்கிவிட்டேன். எக்கார்ட், எழுந்திருக்காதே, உட்கார். உன்னை எல்லாருக்கும் தெரியும்.

எங்கள் ஊரில் 'இல்லை' சொல்ல வாய் வேண்டாம். தலையை மேலே தூக்கிப் புருவத்தை உயர்த்தினால் போதும். 'ஆமாம்' என்றால் தலையை லேசாகச் சாய்த்துக் கீழே இறக்கி, கண்ணை மூடித் திறப்போம். பால் குடிக்கும்போதே வந்துவிடுகிற பழக்கம் அது.

கச்சேரியில் ஒரு மெதுவான இடம். வயலின்கள் எல்லாம் தூங்குகிற பிள்ளை மூச்சு விடுகிற மாதிரி வாசித்துக்கொண்டிருந்தன. கொம்பு ஊதுகிறவன் நெடுநேரம் சும்மா இருக்க வேண்டும், மனதுக்குள் எண்ணிக்கொண்டே. எக்கார்ட் அப்போது மீசை முளைக்காத புதுப் பையன். அவனுக்கும் அது சோதனை வருடம். எண்ணிக்கை விட்டுப்போய்விட்டது. கொம்பை உதட்டில் வைத்துக்கொண்டு இவரைப் பார்த்தான். 'இப்பவா?' என்று கண்ணால் கேட்டான். இவருக்கு இரண்டு கையிலும் வேலை. என்ன செய்தார்? அம்மா சொல்லிக்கொடுத்ததைச் செய்தார். தலையை மேலே தூக்கினார். 'இல்லை, பொறு!'

எங்கள் ஊர்ப் பிள்ளையாக இருந்தால் கல்லாக உட்கார்ந்திருப்பான். ஜெர்மன்காரன் கண்ணுக்கு அது எப்படித் தெரியும்? 'தூக்கு! வா!' என்றுதானே தெரியும்?

ஊதினான். ஐயோ, எப்படி ஊதினான்! முழு நெஞ்சையும் கொடுத்து ஊதினான்! கோயிலில் எல்லாரும் கண்ணை மூடி நிற்கும்போது மேலேயிருந்து தகர வாளி விழுந்த மாதிரி இருந்தது. யாரோ சிரித்தார்கள். யாரோ 'உஷ்' என்றார்கள். அந்த அரங்கம் முழுவதிலும் இவர் தலை சொன்ன 'இல்லை'யைப் பார்த்தவள் நான் ஒருத்திதான். மறுபடியும் ரயில்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

கச்சேரி முடிந்து பின்பக்க நடைவழிக்கு ஓடினேன். குழுத் தலைவர் ஓட்டர்பாக், இப்போது இல்லை பாவம், கண்டிப்பான மனிதர், இவர் தோளில் கை போட்டுக்கொண்டு பேசிக்கொண்டிருந்தார்.

"கவலைப்படாதீங்க. அது உங்க தப்பில்ல, எல்லாருக்கும் தெரியும். அந்தக் கொம்புக்காரப் பையன நாங்க பாத்துக்கறோம். சோதனை வருஷந்தானே, அனுப்பிடலாம்."

பையன் சுவரோரம் நின்றுகொண்டிருந்தான். கொம்பை மார்போடு கட்டிக்கொண்டு, தரையைப் பார்த்துக்கொண்டு.

என் வீட்டுக்காரர் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். கூட்டத்துக்கு மேலே, அத்தனை கோட்டுகளுக்கும் நடுவே என்னைத் தேடிப் பார்த்தார். என்ன கேட்கிறார் என்று எனக்குத் தெரிந்தது. உண்மையைச் சொன்னால் இந்த வேலை போகலாம், ஒரே வீடு போகலாம், சொல்லட்டுமா என்று கேட்கிறார். லெமோனியா என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் தலையைச் சாய்த்துக் கீழே இறக்கினேன்.

அதுதான் முதல் தலையசைப்பு.

"ஐயா, பையன் மேல தப்பில்ல. அவன் கேட்டான், நான் பதில் சொன்னேன். தலைய மேல தூக்கினா எங்க ஊர்ல 'இல்ல'ன்னு அர்த்தம். அவனுக்கு எப்படித் தெரியும்? தப்பு என் தலையோடது."

"தன் தலை என்ன சொல்லுதுன்னு தனக்கே தெரியாத ஆளையா நாங்க வேலைக்கு வைக்கறது?"

"அத நீங்கதான் முடிவு பண்ணணும்."

வீட்டுக்கு நடந்து போகும்போது நான் சண்டை பிடித்தேன். "சொல்லுன்னுதானே தலையாட்டினேன், அதக் கொஞ்சம் பணிவா சொன்னா என்ன?" என்றேன். "பணிவு எந்தப் பக்கம் ஆட்டினா வரும்னு நீ காட்டலையே" என்றார். அவ்வளவு கவலையிலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

மறுநாள் இசைக்குழு கூடியது. அங்கே நடந்ததை ஆனெக்ரெட்தான் பின்னால் எனக்குச் சொன்னாள். எக்கார்ட் எழுந்து நின்றானாம். "அந்த மனுஷன் நேத்து என்னய வித்துட்டு வேலைய வாங்கியிருக்கலாம்" என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்தானாம். இந்த ஊர் வாத்தியக்காரர்களுக்கு மேடையில் கையில் வாத்தியம் இருப்பதால் கைதட்ட முடியாது. மனதுக்குப் பிடித்துவிட்டால் காலைத் தரையில் தேய்ப்பார்கள். அங்கேயும் ஒருவர் தேய்த்தார். பக்கத்தில் இருந்தவர் தேய்த்தார். அறை முழுவதும் தேய்த்ததாம். ஓட்டர்பாக் மேசையைத் தட்டி, "நீங்க ஓட்டுப் போடறீங்களா, தரைய சுத்தம் பண்றீங்களா?" என்று கத்தினாராம்.

அந்தக் காலடிச் சத்தத்தில்தான் எங்கள் வீடு எழும்பியது. இதை நான் எப்படி மறப்பேன்? எந்த வார்த்தையால் நன்றி சொல்வேன்?

வேலை கிடைத்த பிறகு தலைக்குப் பயிற்சி! சமையலறையில் வைத்துத்தான். நான் காபிக் கெண்டியைத் தூக்கிக்கொண்டு "வேணுமா?" என்பேன். அவர் ஜெர்மன்காரர் மாதிரி தலையைப் பக்கவாட்டில் ஆட்ட வேண்டும். ஆட்டாமல் மேலே தூக்கினால் நான் ஊற்றிவிடுவேன். முதல் மாதம் மனுஷன் குடித்த காபிக்கு அளவே இல்லை. கொஞ்சம் கொஞ்சமாகப் பழகியது. பழகியதும் கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போனோம். மாமியார் வழக்கம் போலத் தட்டில் இன்னொரு கரண்டி போட வந்தார். இவர் பக்கவாட்டில் ஆட்டினார். அந்த அம்மா கரண்டியை அப்படியே பிடித்துக்கொண்டு பார்த்தார்.

"என்னடா ஆச்சு? காதுல தண்ணி புகுந்துருச்சா?"

"வேணாம்னு சொல்றேன்மா."

"வேணாம்னா வேணாம்னு சொல்லு. ஈ ஓட்டற கழுதை மாதிரி ஆட்டாத. அந்த ஊர்க்காரங்க உன் தலையையும் வாங்கிட்டாங்களா?"

அன்றைக்குச் சாயங்காலம் தோட்டத்தில் உட்கார்ந்து, என் செல்லப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, அவர் என்னிடம் சொன்னார். "மாத்தூலா, எனக்கு இப்ப ரெண்டு தலை ஆயிடுச்சு. எது எப்ப வரும்னு எனக்கே தெரியல. அரங்கத்துல ஒரு தலையாவது எனக்குச் சந்தேகமில்லாம புரியணும். நீ நடைபாதை ஓரமா, மூணாவது வரிசையில உக்காரு. நான் வந்து நின்னதும் உன்னப் பாப்பேன். நீ நம்மூர் தலைய ஆட்டு. நான் ஆரம்பிக்கறேன்."

அன்றிலிருந்து அப்படித்தான். இந்த ஊரில் பாதிப் பேர், பெரிய மேதை, தொடங்கும் முன்னால் நின்று கடவுளைக் கும்பிடுகிறார் என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். கடவுளும் இல்லை, ஒன்றும் இல்லை. மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்த பிஸ்கட் அடுக்குகிறவளைப் பார்த்துக்கொண்டிருந்தார்!

ஒரே ஒரு தடவை நான் தலையை மேலே தூக்கியிருக்கிறேன். புத்தாண்டுக் கச்சேரி. வெளியூர்க்காரர்கள் எல்லாம் வந்திருந்தார்கள். இவர் கம்பீரமாக நடந்து வந்தார், வணங்கினார், என்னைப் பார்த்தார். நான் 'இல்லை' என்றேன். புருவத்தைச் சுருக்கினார். மறுபடியும் 'இல்லை'. கண்ணால் கீழே காட்டினேன். குனிந்து பார்த்தார். காலில் சமையலறைச் செருப்பு! கம்பளிச் செருப்பு, நான் தைத்துக் கொடுத்தது, பெருவிரல் பக்கம் ஓட்டையோடு. திரும்பி உள்ளே போய்விட்டார். சபை மூச்சுப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. மறுநாள் பத்திரிகையில், இசைக்கு முன் மௌனத்தை இவ்வளவு துணிவாக யாரும் பயன்படுத்தியதில்லை என்று எழுதினார்கள். அதை வெட்டி அந்தச் செருப்புக்கு மேலே சுவரில் ஒட்டி வைத்தேன்.

எங்கள் தொழிற்சாலைக்கு உங்களை எல்லாம் கூட்டிக்கொண்டு வந்தாரே, நினைவிருக்கிறதா பிள்ளைகளே? எத்தனை பேர் தடுத்தார்கள்! பிஸ்கட் வாசனையில் வயலின் கெட்டுப்போகும் என்றுகூட ஒருவர் சொன்னார். மேற்பார்வையாளர் இயந்திரத்தைச் சாப்பாட்டு இடைவேளையில் மட்டும்தான் நிறுத்துவேன் என்றார். "சரி, இடைவேளைக்குள்ள அடங்கற மாதிரி வாசிக்கறோம். அவங்க மெல்லுவாங்க, நீங்க நிறுத்தாதீங்க" என்று உங்களிடம் சொன்னார். நாங்கள் ஏப்ரனோடு, தலையில் துணியோடு, கையில் ரொட்டியோடு உட்கார்ந்து கேட்டோம். முடிந்ததும் என் பக்கத்தில் வேலை செய்த ஹதிஜே, துருக்கிக்காரி, அதோ அங்கே உட்கார்ந்திருக்கிறாள், நேரே அவரிடமே கேட்டாள்.

"எல்லாரும் வாசிச்சாங்க. நீங்க ஒண்ணுமே வாசிக்கலயே? குச்சியத்தான ஆட்டினீங்க. அதுக்கா உங்களுக்குச் சம்பளம்?"

நான் அவள் முழங்கையைக் கிள்ளினேன். இவர் சிரிக்கவில்லை. தீவிரமாக யோசித்தார்.

"நீங்க கேக்கறது நியாயம்மா. இத்தன பேர்ல சத்தம் போடாதவன் நான் ஒருத்தன்தான். அதனால மத்தவங்க சத்தத்த எல்லாம் நான்தான் கேட்டாகணும். கேக்கறதுக்குத்தான் கூலி."

"அப்ப எங்க மேற்பார்வையாளருக்குப் பாதிக் கூலி போதும்" என்றாள் ஹதிஜே. தொழிற்சாலையே அதிர்ந்தது. அதற்குப் பிறகு ஒவ்வொரு வருடமும் வந்தீர்கள். அங்கே கேட்ட பெண்களின் பிள்ளைகளில் ஒருத்தி இன்றைக்கு உங்களோடு செல்லோ வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். ஹதிஜே, உன் மகளைத்தான் சொல்கிறேன், கண்ணைத் துடைத்துக்கொள்.

அவர் யாரையும் கத்தித் திட்டியதை நீங்கள் கேட்டிருக்கிறீர்களா? யாராவது தவறினால் குச்சியை இறக்கி, நெற்றியில் தட்டிக்கொண்டு, "என் தலை தப்பா சொல்லிடுச்சு, மறுபடியும்" என்பார். அவர் தலை சரியாகத்தான் சொல்லியிருக்கும். உங்களுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். தவறியவர் முகம் சிவந்து, அடுத்த தடவை உயிரைக் கொடுத்து வாசிப்பார். ஓர் ஆளைக் காப்பாற்ற ஒரு தடவை சொன்ன உண்மையை, வாழ்நாள் முழுக்க எல்லாருக்கும் குடையாகப் பிடித்தாரே! அப்படி ஒரு மனிதரோடு ஒரே மேசையில் சாப்பிடக் கொடுத்து வைத்தேனே! நான் அழுவதற்கு இங்கே வரவில்லை. நன்றி சொல்லத்தான் வந்தேன்.

ஆனாலும் ஒன்றை மறைக்க முடியாது. என் தலை ஏன் அசைய மறுக்கிறது என்பதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

அவருக்கு நெஞ்சில் வால்வு கெட்டுப்போயிருந்தது. மருத்துவர் ஒளிக்காமல் சொன்னார். அப்படியே விட்டால் சில வாரங்கள். அறுத்துச் சரிசெய்தால் வருடங்கள் கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். இவர் வாயில் பிராணவாயு முகமூடி. பேச முடியாது. மருத்துவர் அவரைக் கேட்டார். அவர் யாரைப் பார்த்தார்? என்னைத்தான் பார்த்தார். நடைவழியில் பார்த்த அதே மாதிரி. மேடையிலிருந்து பார்க்கிற அதே மாதிரி. நான் தலையைச் சாய்த்துக் கீழே இறக்கினேன். அவர் போர்வைக்கு மேலே விரலைக் கொஞ்சம் தூக்கினார், ஆரம்பிக்கலாம் என்கிற மாதிரி. தள்ளிக்கொண்டு போனார்கள். அவர் திரும்பி வரவில்லை. மருத்துவர்கள் மேல் ஒரு குறையும் இல்லை. கை ஓய்கிற வரைக்கும் போராடினார்கள்.

அன்றிலிருந்து என் கழுத்து பூட்டிக்கொண்டது. கடையில் பை வேண்டுமா என்று கேட்டால்கூட வாயால்தான் சொல்கிறேன். லெமோனியா சாப்பிடுகிறாயா என்று கேட்டால் வாயால்தான் சொல்கிறேன். நான் தலையாட்டி ஒருவரை அனுப்பினேன், அவர் வரவில்லை. இப்போது நீங்கள் இன்னொரு தடவை ஆட்டச் சொல்கிறீர்கள். இவர் இல்லாமலே தொடங்குங்கள் என்று நான் எப்படி ஆட்டுவேன்?

இன்று காலை பூசை முடிந்து, போனவர் நினைவாகச் சர்க்கரையும் மாதுளையும் கலந்து கொடுக்கிற கோதுமையைக் கையில் வாங்கிக்கொண்டு எக்கார்ட் என் பக்கத்தில் வந்து நின்றான். அவன் தலையும் இப்போது நரைத்துவிட்டது. இந்த வருடத்தோடு ஓய்வு பெறுகிறான்.

"ஸ்தமத்தியா, நீங்க எந்தப் பக்கம் ஆட்டினாலும் சரி. கீழ இறக்கினீங்கன்னா வாசிக்கறோம். மேல தூக்கினீங்கன்னா வாத்தியத்தப் பையில வச்சுட்டு எல்லாரும் காபி குடிக்கப் போயிடுவோம். ஒருத்தர்கூட ஏன்னு கேக்க மாட்டோம்."

"நீ ஊதிடுவியேடா."

"சத்தியமா ஊத மாட்டேன். இப்பத்தான் உங்க 'இல்ல' எனக்குத் தெரியுமே!"

அந்தக் கோதுமையை மென்றுகொண்டே நான் சிரித்தேன். நாற்பது நாளில் முதல் சிரிப்பு. அப்புறம் அவன் இன்னொன்றும் சொன்னான். "நாங்க பேசி வச்சிருக்கோம். இனிமே பலகைமேல யார் வந்து ஏறினாலும் முதல் நாளே சொல்லிடுவோம். இந்த வீட்டுல தப்பு நடந்தா முதல்ல முன்னால நிக்கறவர் தலை, அப்புறம்தான் எங்க கை. சம்மதம்னா ஏறட்டும்."

மேயர் அம்மா, நீங்கள் அவருக்குச் சிலை வைப்பதாகச் சொன்னீர்கள். நன்றி. வைத்தால் மழையில் நனையும். இந்தப் பிள்ளைகள் சொல்லியிருக்கிறார்களே, இதை வைத்துக்கொள்ளுங்கள், நனையாது. பிள்ளைகளே, அதை நீங்கள் விடாமல் காப்பாற்றுங்கள். நானும் ஒரு வாக்குக் கொடுக்கிறேன். பலகைமேல் யார் வந்தாலும், எந்த ஊர்க்காரர் வந்தாலும், மூன்றாவது வரிசை ஓரத்தில் நான் உட்கார்ந்திருப்பேன். புது ஊரில் அவருக்கும் ஒரு முகம் வேண்டும் இல்லையா? அவர் என்னைப் பார்த்தால் நான் தலையாட்டுவேன். பார்க்காவிட்டாலும் ஆட்டுவேன்.

தொழிற்சாலைப் பெண்களே, பாதர், மேயர் அம்மா, இவ்வளவு நேரம் பொறுத்துக் கேட்டதற்கு நன்றி. நான் போய் என் இடத்தில் உட்காருகிறேன். லெமோனியா, கையைக் கொடு.

இதோ உட்கார்ந்துவிட்டேன். இங்கிருந்தே சொல்கிறேன், ஒலிபெருக்கி வேண்டாம். ஆனெக்ரெட் வில்லைத் தூக்கிவிட்டாள். எக்கார்ட் கொம்பை உதட்டில் வைத்துவிட்டான், என்னைப் பார்க்கிறான். ஹதிஜேயின் மகள் பார்க்கிறாள். எல்லாரும் பார்க்கிறார்கள். பலகை மட்டும் காலியாக இருக்கிறது.

ஸிஸாக்கி, நடைவழியில் ஆட்டினேன், நமக்கு வீடு கிடைத்தது. மேடைக்குக் கீழே இருந்து ஆட்டினேன், ஊருக்கு இசை கிடைத்தது. ஆஸ்பத்திரியில் ஆட்டினேன், நீ போய்விட்டாய். தலை ஒன்றுதான், அசைவும் ஒன்றுதான். இந்தப் பிள்ளைகளைக் காக்க வைக்க எனக்கு மனம் வரவில்லை. நம் ஊர் மாதிரியே, லேசாகச் சாய்த்து, கீழே இறக்கி, கண்ணை மூடி, இதோ ஆட்டுகிறேன். ஆட்டுவதற்கு முன்னால் ஒன்றே ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்.

அன்றைக்கு நான் தலையாட்டியது சரிதானா, ஸிஸாக்கி?